லிஸ்டெக்ஸாம்ஃபெடமைனைப் புரிந்துகொண்டு போடுவது எப்படி

முதல் நாள் காலை 7.30க்கு கேப்சூலை விழுங்கிவிட்டு 8.15க்கெல்லாம் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. 8.40க்கும் ஒன்றும் இல்லை. சரி, நமக்கு இது வேலை செய்யாது போலிருக்கிறது என்று முடிவுகட்டி அடுத்தடுத்து இரண்டு காபி குடித்தேன். 11 மணி வாக்கில் மருந்தும் காபியும் சேர்ந்து பிடித்துக்கொண்டபோது நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது, பேனா பிடிக்க முடியவில்லை. நான் வேதியியல் படித்தவன். அந்த மூலக்கூறு எப்படி இருக்கும் என்று காகிதத்தில் வரையத் தெரிந்தவன். வரைந்து பார்த்திருந்தாலே அந்தக் காபி தேவையில்லை என்று புரிந்திருக்கும்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏ.டி.எச்.டி. என்ற கவனக்குறைவுக் கோளாறுக்காக டாக்டர் இந்த மருந்தை எழுதிக் கொடுத்தவர்களுக்கும், பிள்ளைக்கு இதைக் கொடுக்கும் பெற்றோருக்கும் இது. நான் டாக்டர் இல்லை. அளவைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டியவை. ஆனால் மருந்து உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தால், எப்போது போடுவது, எதைக் கவனிப்பது, டாக்டரிடம் என்ன சொல்வது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகிவிடும். பெயர் நீளமாக இருப்பதால் இனி லிஸ்டெக்ஸ் என்றே எழுதுகிறேன்.

முதலில் ஒரு காகிதம் எடுத்து வரையுங்கள்

ஒரு அறுகோணம் போடுங்கள், அதுதான் பென்சீன் வளையம். அதன் ஒரு மூலையிலிருந்து வால் மாதிரி இரண்டு கார்பன், வாலின் நுனியில் ஒரு நைட்ரஜன். இதற்குப் பெயர் ஃபினெதிலமைன். நம் உடம்பில் இருக்கும் டோபமின், அட்ரினலின், நார்அட்ரினலின் எல்லாமே இந்த எலும்புக்கூட்டின் மேல் கட்டியவைதான். வெறும் ஃபினெதிலமைனும் உடம்பில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் நிலைக்காது. மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதி அதைச் சில நிமிடங்களில் தின்றுவிடும்.

இப்போது நைட்ரஜனை ஒட்டியிருக்கும் கார்பனில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியை, அதாவது மூன்று ஹைட்ரஜனோடு இருக்கும் ஒரு கார்பனைச் சேருங்கள். அவ்வளவுதான், அது ஆம்பெடமைன். அந்தச் சின்னக் கிளை நொதியின் வாயில் குறுக்கே நின்றுகொள்கிறது, அதனால் மூலக்கூறு நிமிடங்களில் அழியாமல் மணிக்கணக்கில் ரத்தத்தில் இருக்கிறது. இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். டோபமினின் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்ஸில் தொகுதிகள் (ஒரு ஆக்ஸிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தவை) இருக்கும், ஆம்பெடமைனில் ஒன்றுகூட இல்லை. ஹைட்ராக்ஸில் தண்ணீரோடு ஒட்டும், கொழுப்போடு ஒட்டாது. மூளையைச் சுற்றியிருக்கும் ரத்தத் தடுப்பு கொழுப்பில் கரைவதைத்தான் எளிதாக உள்ளே விடும். டோபமினை விழுங்கினால் மூளைக்குப் போகாது, ஆம்பெடமைன் போகும் என்பதற்குக் காரணம் இந்த இரண்டு ஹைட்ராக்ஸில் இல்லாததுதான். எபெட்ரின் என்ற மருந்தில் வாலின் மேல் ஒரு ஹைட்ராக்ஸில் இருக்கிறது, அதனால் அது மூளைக்குள் குறைவாகப் போய் மூக்கு, இதயம், ரத்தக் குழாய் பக்கம் அதிகம் வேலை செய்கிறது. ஒரு ஆக்ஸிஜன் இருக்கிறதா இல்லையா என்பதில் எத்தனை வித்தியாசம்!

அந்த மெத்தில் சேர்ந்த கார்பனால் இன்னொன்றும் நடக்கிறது. நம் வலது கையும் இடது கையும் மாதிரி, ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாத இரண்டு வடிவங்கள் உண்டாகின்றன. மூளையில் வலது வடிவத்துக்கு வலிமை அதிகம், அதைத்தான் டெக்ஸ்ட்ரோஆம்பெடமைன் என்கிறோம். லிஸ்டெக்ஸில் இருப்பது இந்த வலது கை மட்டும்.

கடைசியாக, அந்த நைட்ரஜனோடு லைசின் என்ற அமினோ அமிலத்தை ஒரு அமைடு பிணைப்பால் கட்டுங்கள். புரதத்தில் இருக்கும் அதே சாதாரண லைசின்தான். இப்போது உங்கள் காகிதத்தில் இருப்பது லிஸ்டெக்ஸாம்ஃபெடமைன். பெயரைப் பிரித்தாலே தெரியும்: லைசினின் "லிஸ்", டெக்ஸ்ட்ரோவின் "டெக்ஸ்", அப்புறம் ஆம்பெடமைன்.

ஆம்பெடமைனை முதலில் தயாரித்தவர் லாசார் எடெலியானு என்ற ருமேனிய வேதியியலாளர், 1887இல், பெர்லினில். அதன் மருத்துவப் பயனை அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 1927இல் கார்டன் ஆலிஸ் மறுபடி தயாரித்து அதன் விளைவுகளைப் பார்த்த பிறகுதான் மருந்தாக வந்தது. 1937இல் சார்ல்ஸ் பிராட்லி என்ற டாக்டர், மருத்துவமனையில் இருந்த பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தபோது பள்ளிப் பாடத்தில் அவர்கள் கவனம் கூடியதைக் கண்டு எழுதினார். லைசின் கட்டிய இந்த வடிவத்துக்கு அமெரிக்காவில் 2007இல் அனுமதி கிடைத்தது.

லைசின் இருக்கும் வரை மருந்து தூங்குகிறது

இதுதான் மொத்த விஷயத்தின் மையம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். லைசின் கட்டியிருக்கும் வரை இந்த மூலக்கூறு ஆம்பெடமைன் செய்யும் வேலை எதையும் செய்யாது. கேப்சூல் வயிற்றில் கரைகிறது, சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்கு வருகிறது, வந்த பிறகு சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி லைசினை வெட்டி எடுக்கிறது. வெட்டிய பிறகுதான் டெக்ஸ்ட்ரோஆம்பெடமைன் வெளியே வருகிறது. மற்ற நீண்ட நேர மருந்துகளில் கேப்சூலுக்குள் இருக்கும் மணிகளின் பூச்சுதான் மெதுவாகக் கரைந்து நேரத்தை இழுக்கும். இதில் அப்படிப் பூச்சு எதுவும் இல்லை, நேரத்தை இழுப்பது உங்கள் ரத்தம்.

எண்களைப் பாருங்கள். விழுங்கி சுமார் 1 மணி நேரத்தில் லிஸ்டெக்ஸ் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும், அதன் அரை ஆயுட்காலம் (ரத்தத்தில் இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 1 மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் வெளிவரும் டெக்ஸ்ட்ரோஆம்பெடமைன் உச்சத்துக்குப் போக மூன்றரை முதல் 4 மணி நேரம் ஆகிறது, அதன் அரை ஆயுட்காலமோ பெரியவர்களில் 10 முதல் 12 மணி நேரம். ஆய்வுகளில் பெரியவர்களுக்குப் பலன் சுமார் 2 மணி நேரத்தில் தெரிய ஆரம்பித்து 14 மணி நேரம் வரை நீடித்தது, பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரத்திலிருந்து 13 மணி நேரம் வரை.

நான் 7.30க்குப் போட்டுவிட்டு 8.40க்கு எதிர்பார்த்தது எவ்வளவு தப்பு என்று இப்போது தெரிகிறதா? அந்த நேரத்தில் லைசினை வெட்டும் வேலையே பாதியில்தான் நின்றிருக்கும். உச்சம் 11, 11.30க்குத்தான். அதனால் முதல் வாரத்தில் "பிடிக்கவில்லையே" என்று எதையும் மேலே சேர்க்காதீர்கள், இரண்டாவது கேப்சூலைக் கட்டாயம் போடாதீர்கள்.

மில்லிகிராம் கணக்கில் ஏமாறாதீர்கள்

அட்டையில் 70 மி.கி. என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், சிலர் வேறு மருந்தோடு ஒப்பிட்டுக் குழம்புகிறார்கள். அந்த 70 என்பது லைசினும் சேர்ந்த, உப்பும் சேர்ந்த மொத்த எடை. கேப்சூலில் மருந்து டைமெசிலேட் என்ற உப்பாக இருக்கிறது, அந்த உப்பின் மூலக்கூறு எடை சுமார் 455.6, அதற்குள் இருக்கும் டெக்ஸ்ட்ரோஆம்பெடமைனின் எடை 135.2. வகுத்துப் பாருங்கள், 0.297 வரும். அப்படியானால் 70 மி.கி. கேப்சூலில் ஆம்பெடமைன் என்று இருப்பது ஏறக்குறைய 20.8 மி.கி., 30 மி.கி. கேப்சூலில் 8.9 மி.கி. மீதி எல்லாம் லைசினும் உப்பும்தான். வேறொரு ஆம்பெடமைன் மருந்திலிருந்து இதற்கு மாறும்போது "அதில் 20 போட்டேன், இதிலும் 20 போடுகிறேன்" என்று மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றக் கூடாது என்பது இதனால்தான். மாற்றுவதை டாக்டர் செய்யட்டும்.

வழக்கமாகக் காலையில் 30 மி.கி.யில் தொடங்கி, வாரத்துக்கு 10 அல்லது 20 மி.கி. என்று ஏற்றிப் பார்ப்பார்கள், ஒரு நாளைக்கு 70 மி.கி.தான் மேல் எல்லை. சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் எல்லை 50, செயலிழந்துவிட்டிருந்தால் 30. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஆம்பெடமைன் வெளியேறும் முக்கியமான வழி அதுதான்.

மூளையில் என்ன செய்கிறது

நரம்பு முனையில் டோபமின் சின்னச் சின்னப் பைகளில் நிரம்பியிருக்கும். சேதி வந்தால் கொஞ்சம் வெளியே சிந்தும், அடுத்த நரம்பு அதை உணரும், அப்புறம் ஒரு பம்பு அதை உறிஞ்சி மறுபடி உள்ளே எடுத்துக்கொள்ளும். ஆம்பெடமைன் டோபமின் மாதிரியே தோற்றம் கொண்டிருப்பதால் அந்தப் பம்பு ஏமாந்து அதையும் உள்ளே இழுத்துவிடுகிறது. உள்ளே போன ஆம்பெடமைன் பைகளிலிருக்கும் டோபமினைக் கசியவிடுகிறது, பம்பையும் தலைகீழாக ஓடவைக்கிறது. உள்ளே இழுக்க வேண்டிய பம்பு வெளியே தள்ள ஆரம்பிக்கிறது. நார்அட்ரினலினுக்கும் இதேதான். மெத்தில்ஃபெனிடேட் என்ற இன்னொரு ஏ.டி.எச்.டி. மருந்து பெரும்பாலும் பம்பின் வாயை அடைப்பதோடு நின்றுவிடும், உள்ளே போய்ப் பைகளைத் தொடாது. ஒருவருக்கு அது ஒத்துவந்து இது ஒத்துவராமல் போவதும், மற்றவருக்கு நேர்மாறாக இருப்பதும் சாதாரணம், அதில் யாருடைய தப்பும் இல்லை.

சரியான அளவில் இது கவனத்துக்கு உதவும். அளவு மீறினால் அதே பம்பு கட்டுப்பாடின்றித் தள்ளும்: படபடப்பு, எரிச்சல், ஒரே விஷயத்தில் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது, இன்னும் மோசமானால் சந்தேகம், இல்லாத குரல் கேட்பது. என் அளவை ஒரு முறை கூட்டியபோது எல்லோரிடமும் வெடுக்கென்று பேசினேன், பேச்சில் என் சிரிப்பு காணாமல் போயிற்று. எனக்கு அது தெரியவில்லை, வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. பழைய அளவுக்குத் திரும்பியதும் சரியாயிற்று. அதனால் கூட இருக்கும் ஒருவரிடம் "என்னிடம் ஏதாவது மாற்றம் தெரிந்தால் சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எப்போது, எப்படிப் போடுவது

காலையில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில். காலை 8 மணிக்குப் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், உச்சம் 12 மணிக்கு. 10, 12 மணி நேரம் அரை ஆயுட்காலம் என்றால் இரவு 11 மணிக்கும் உச்சத்தில் இருந்ததில் பாதியளவு ரத்தத்தில் இருக்கும். மதியம் 2 மணிக்குப் போட்டால் விடியற்காலையில் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் மறந்து மதியம்தான் ஞாபகம் வந்தது என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகப் போட்டு ஈடுகட்டக் கூடாது.

விழுங்க முடியாத பிள்ளைகளுக்குக் கேப்சூலைத் திறந்து தண்ணீர், ஆரஞ்சுச் சாறு, தயிர் இவற்றில் ஒன்றில் கலந்து கொடுக்கலாம். பொடி ஒட்டிக் கட்டியாக இருந்தால் ஸ்பூனால் நசுக்கி நன்றாகக் கலக்குங்கள். குடித்து முடித்த பிறகு டம்ளரின் சுவரில் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்து "மருந்து மிச்சமாகிவிட்டதே" என்று பதற வேண்டாம், அது மருந்தில்லாத துணைப் பொருள்கள். ஆனால் கலந்ததை உடனே முழுவதும் கொடுத்துவிட வேண்டும், கலந்து வைத்துவிட்டு அப்புறம் கொடுப்பது கூடாது. ஒரு கேப்சூலை நீங்களாகவே இரண்டு நாளைக்குப் பிரிப்பதும் வேண்டாம்.

சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். கொழுப்பு நிறைந்த சாப்பாடு உச்சத்தைச் சுமார் 1 மணி நேரம் தள்ளிவைக்கும், மொத்த அளவைப் பெரிதாக மாற்றாது. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் போடுகிறேன், காரணம் வேறு: மதியம் பசி என்பதே எடுக்காது. காலையில் வயிறு நிறையச் சாப்பிடவில்லை என்றால் அந்த நாள் முழுக்கப் பட்டினிதான். மதியம் பசிக்காவிட்டாலும் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள். சாயங்காலம் 6, 7 மணிக்கு வரும் எரிச்சலில் பாதி, மருந்து இறங்குவதாலா வயிறு காலியாக இருப்பதாலா என்று ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சிறுநீரின் அமிலத்தன்மை பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பெடமைன் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான வகை. சிறுநீர் அமிலமாக இருந்தால் அது மின்னூட்டம் பெற்றுத் திரும்ப உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். சிறுநீர் காரமானால் மின்னூட்டம் இல்லாத பங்கு கூடி மறுபடி ரத்தத்துக்குத் திரும்பும், மருந்து அதிக நேரம் தங்கும். சோடா உப்பு கலந்த வயிற்றெரிச்சல் மருந்தைத் தினமும் போடுகிறவர்கள், வைட்டமின் சி மாத்திரையைப் பெரிய அளவில் எடுப்பவர்கள், இரண்டு பேருமே டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதற்காகத்தான்.

எதோடு சேரக் கூடாது

மோனோஅமைன் ஆக்ஸிடேஸைத் தடுக்கும் மருந்துகளோடு இது கூடவே கூடாது, அவற்றை நிறுத்தி 14 நாள் ஆகும் வரையிலும் கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாக ஏறிவிடும். மனச்சோர்வுக்கான சில பழைய மருந்துகள் மட்டும் என்று நினைக்காதீர்கள், லினெசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கும் இதே நொதியைத் தடுக்கும். வேறு டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதும்போதும் "நான் லிஸ்டெக்ஸ் போடுகிறேன்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், வலிக்கான டிராமடால் போன்றவற்றோடு சேரும்போது செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிதமிஞ்சிப் போகும் வாய்ப்பு இருக்கிறது. டாக்டர் தெரிந்தே இரண்டையும் தருவதுண்டு, ஆனால் காய்ச்சல், வியர்வை, நடுக்கம், தசை விறைப்பு, குழப்பம் எல்லாம் ஒன்றாக வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரினும் இதயத்தை அதே பக்கம் தள்ளும், மருந்துக் கடையில் கேட்டு வாங்குங்கள். காபியை முதல் இரண்டு வாரம் விட்டுவிடுங்கள், அப்புறம் வேண்டுமானால் கொஞ்சமாகச் சேர்த்துப் பாருங்கள்.

இதய அமைப்பில் கோளாறு, தீவிரமான தாளக் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த மருந்து வேண்டாம் என்றே சொல்வார்கள். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சராசரியாக ரத்த அழுத்தம் 2 முதல் 4 புள்ளியும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 6 துடிப்பும்தான் கூடும், ஆனால் சராசரி என்பது எல்லோரும் இல்லை, சிலருக்கு நிறையவே ஏறும். நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். விரல் நுனிகள் வெளுத்து, நீலமாகி, மரத்துப் போனாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இது பழக்கமாகிவிடக்கூடிய மருந்து. லைசின் கட்டியிருப்பதால் மெதுவாகத்தான் ஏறும் என்பது உண்மைதான், ஆனால் அதிக அளவில் போட்டால் அது எந்தப் பாதுகாப்பும் தராது. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் ஆம்பெடமைன் கட்டுப்படுத்தப்பட்ட பொருள், நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். வெளிநாடு போகும் முன் அந்த நாட்டின் விதியைப் பார்த்து, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் இது ஆம்பெடமைன் என்றே காட்டும், அங்கேயும் அந்தச் சீட்டு வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற தம்பியோ நண்பரோ "ஒன்றே ஒன்று கொடு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள். அவருடைய இதயத்தை யாரும் பரிசோதித்திருக்க மாட்டார்கள். பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் என்று நான் எழுதுவது இவ்வளவுதான்: போட்ட நேரம், கவனம் வந்த நேரம், இறங்கிய நேரம், மதியம் என்ன சாப்பிட்டேன், எப்போது தூங்கினேன், காலையில் உட்கார்ந்த நிலையில் ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும். வாரம் ஒரு முறை எடை. பிள்ளைகளுக்கு உயரமும் சேர்த்துக்கொள்ளுங்கள், இந்த வகை மருந்துகள் வளர்ச்சியைக் கொஞ்சம் மெதுவாக்குவது தெரிந்த விஷயம்.

முன்பெல்லாம் டாக்டர் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பேன், அவரும் அதே அளவை எழுதிக் கொடுப்பார். நோட்டை நீட்டிய முதல் தடவை அவர் மூன்று பக்கம் புரட்டிவிட்டு, நான் வார நாட்களில் 7.30க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் 11 மணிக்கும் போட்டிருப்பதையும், ஞாயிறு இரவு மட்டும் 2 மணி வரை தூங்காமல் கிடந்திருப்பதையும் விரலால் தொட்டுக் காட்டினார். தூக்க மாத்திரை கேட்கலாம் என்றுதான் அன்றைக்குப் போயிருந்தேன். அவர் எழுதிக் கொடுத்தது, ஞாயிற்றுக்கிழமைக்கும் 7.30க்கு ஒரு அலாரம்.